ஒன்றுபடுத்திய திருநாள்: தமிழவேள் கோ. சாரங்கபாணி

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில் அமைந்துள்ள ஊர் சிகாமட். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் இரயில் தடம் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டே போகிறது. 1909ஆம் ஆண்டில் இத்தடம் நிறைவு பெற்றது. அதன் இரு மருங்கிலும் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர் தோட்டங்கள் உருவாயின. அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மக்கள் வந்தனர். லயத்து வீடுகளில் தங்கி, விடியும் முன்னே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குச் சென்றனர். ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அடுத்த தோட்டத்து மக்களைப் பற்றி அதிகம் தெரியாது. தோட்டமே அவர்களுக்கு உலகமாக இருந்தது.

அந்தத் தண்டவாளத்தின் தென்கோடியில் இருந்தது சிங்கப்பூர். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924இல் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். சிதறிக் கிடந்த தோட்டத்து மக்களையும் நகரத்துத் தமிழரையும் ஒரே சமுதாயமாக எண்ண வைத்தவர் அவர். பிற்காலத்தில் தமிழவேள் என்று மக்களால் போற்றப்பட்ட கோ. சாரங்கபாணியே அந்த இளைஞர்.

கணக்கரிலிருந்து இதழாசிரியராக

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருவாரூரில் பிறந்தார். தமிழையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்றார். சிங்கப்பூருக்கு வந்ததும் கணக்கெழுதும் பணியில் சேர்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. தம்மைச் சுற்றி வாழ்ந்த தமிழரின் நிலையை அவர் கூர்ந்து கவனித்தார்.

அவர் கண்ட காட்சி கவலை அளித்தது. கடல் கடந்து வந்த பிறகும் தமிழர் சாதியை விட்டுவிடவில்லை. ஒரே துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை சுமந்தவர்களும் உணவருந்தும்போது தனித்தனியே அமர்ந்தனர். உழைத்துப் பெற்ற கூலியில் பெரும்பகுதி கள்ளுக்கடைக்குச் சென்றது. திருமணத்திற்கும் சடங்குகளுக்கும் கடன் வாங்கிச் செலவு செய்தனர். பிள்ளைகளின் கல்விக்குப் பணம் மிஞ்சவில்லை.

1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை புரிந்தார். அவருடைய சுயமரியாதைக் கருத்துகள் இங்குள்ள இளைஞர்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்தின. சாரங்கபாணியும் அக்கருத்துகளால் ஈர்க்கப்பட்டார். அக்காலத்தில் வெளிவந்த 'முன்னேற்றம்' என்னும் வார இதழில் பணியாற்றினார். 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியபோது அதை முன்னின்று நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். சாதி வேற்றுமை, குடிப்பழக்கம், வீண் செலவு ஆகியவற்றுக்கு எதிராக அச்சங்கம் பரப்புரை செய்தது.

1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் 'தமிழ் முரசு' பிறந்தது. வார இதழாகத் தொடங்கிய அது ஒரு காசுக்கு விற்கப்பட்டது. கூலித் தொழிலாளியும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது நாளிதழாக வளர்ந்தது. சிங்கப்பூரில் அச்சான இதழ் மலாயாவின் நகரங்களுக்கும் தோட்டங்களுக்கும் பயணம் செய்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது அக்காலத்து வழக்கம். இவ்வாறு ஓர் இதழ் பலருடைய செவிகளுக்குச் சென்றது.

பாதுகாப்பற்ற வாழ்க்கை

அக்காலத் தமிழருக்கு மலாயாவில் வேலை இருந்தது. ஆனால் உறுதியான வாழ்க்கை இல்லை. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் ஏற்பட்டு ரப்பர் விலை வீழ்ந்தது. தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. பல்லாயிரக்கணக்கான தொழிலாளர்கள் கப்பலேற்றித் தமிழ்நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை உயர்ந்தபோது மீண்டும் ஆள் சேர்க்கப்பட்டது. தேவைப்படும்போது அழைத்து, தேவையற்றபோது அனுப்பிவிடும் ஆட்களாகவே அவர்கள் கருதப்பட்டனர்.

அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். 1942 தொடங்கி 1945 வரை ஜப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் ஆண்டனர். தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்கள் சயாம் பர்மா இரயில் பாதை அமைக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். நோயாலும் பசியாலும் அங்கே மாண்டவர்கள் பல்லாயிரவர். குடும்பத் தலைவரை இழந்த பெண்களும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் தோட்டங்களில் ஆதரவின்றி நின்றனர். போர்க்காலத்தில் தமிழ் முரசும் நின்றுபோனது.

போர் முடிந்த பின் சாரங்கபாணி இதழை மீண்டும் தொடங்கினார். தமிழரின் கோரிக்கைகளை ஆங்கிலம் படித்தோரும் ஆட்சியாளரும் அறிய வேண்டும் என்பதற்காக ஆங்கில நாளிதழ் ஒன்றையும் நடத்தினார். ஆனால் இதழ் மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். துன்பம் வந்தபோது தமிழர் ஒருவருக்கொருவர் துணை நிற்க முடியாமல் போனதற்குக் காரணம் வறுமை மட்டுமன்று. ஊர், சாதி, சமயம், தொழில் என அவர்கள் பிரிந்து கிடந்ததும் ஒரு காரணமாகும். பிரிந்து கிடப்பவர்களின் குரல் எந்த அரசின் செவிக்கும் எட்டாது. அவர்களை எதைக் கொண்டு ஒன்று சேர்ப்பது என்பதே அவர்முன் நின்ற வினாவாகும்.

மரபில் கிடைத்த விடை

சாரங்கபாணி சீர்திருத்தவாதி. பழைய வழக்கங்கள் பலவற்றை அவர் கடுமையாக எதிர்த்தவர். ஆயினும் மரபு முழுவதையும் அவர் தூக்கி எறியவில்லை. முறத்தில் இட்ட நெல்லைப் புடைப்பதுபோல மரபைப் புடைத்துப் பார்த்தார். மக்களைப் பிரிக்கும் வழக்கங்களைப் பதராக ஒதுக்கினார். மக்களைச் சேர்க்கும் வழக்கங்களை மணியாக எடுத்துக்கொண்டார். அவ்வாறு அவர் கண்டெடுத்த மணிதான் பொங்கல்.

தமிழர் கொண்டாடும் விழாக்களுள் பொங்கலுக்குத் தனி இடம் உண்டு. தை முதல் நாளில் புதுப்பானையில் புத்தரிசி இட்டுப் பொங்கிக் கதிரவனுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நன்றி கூறுவது அவ்விழா. அதன் அடிப்படை உழைப்பும் நன்றியுணர்வும் ஆகும். அதைக் கொண்டாட எந்தச் சாதியையும் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. உழவர்களின் பிள்ளைகளாகப் பிறந்து ரப்பர்த் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு அவ்விழாவின் பொருளை விளக்கத் தேவையே இல்லை. நெல் வயல் கண்ணில் படாத லயத்திலும் பொங்கல் பானை பொங்கிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டு வாசலில் நடந்த அவ்விழாவை ஊர்ப் பொதுவிழாவாக மாற்ற சாரங்கபாணி விரும்பினார். சிங்கப்பூரில் இயங்கிய பல்வேறு தமிழ்ச் சங்கங்களை ஒருங்கிணைத்துத் தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைவதற்கு முன்னின்று உழைத்தார். அச்சபையின் ஆதரவில் 1952ஆம் ஆண்டு சனவரி மாதம் தமிழர் திருநாள் முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அதற்குச் சமயப் பெயர் எதையும் சூட்டாமல் தமிழரின் பெயரையே சூட்டியது கவனிக்கத்தக்கது. இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் தமிழர் என்னும் உணர்வுடன் ஒரே மேடையில் அமர வேண்டும் என்பதே அதன் நோக்கம். சமய விழாக்கள் அவரவர்க்கு உரியன. இத்திருநாளோ அனைவருக்கும் பொது.

திருநாள் வெறும் விருந்தாக முடியவில்லை. பேச்சு, கட்டுரை, இசை, நாடகம், விளையாட்டு முதலிய போட்டிகள் அதையொட்டி நடைபெற்றன. இவ்வழக்கம் சிங்கப்பூரோடு நில்லாமல் மலாயாவின் நகரங்களுக்கும் தோட்டங்களுக்கும் பரவியது. ஒரு தோட்டத்தில் திருநாள் நடத்த வேண்டுமானால் முதலில் ஒரு குழு அமைய வேண்டும். பணம் திரட்ட வேண்டும். கணக்கு எழுத வேண்டும். மேடை கட்ட வேண்டும். பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். கிராணியும் பால்மரம் வெட்டுபவரும் ஆசிரியரும் கடைக்காரரும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும். இதுவரை ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காதவர்களும் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்ய வேண்டும். இப்படி ஒரு விழா, மக்களுக்குக் கூடி வாழும் பயிற்சியையும் பொதுப்பணி செய்யும் பயிற்சியையும் ஒருங்கே அளித்தது. சாரங்கபாணி மரபிலிருந்து எடுத்த பொங்கலின் பயன் இதுவே.

குடியுரிமை என்னும் வேலி

ஒன்று சேர்ந்த மக்களை எத்திசையில் நடத்துவது என்பதிலும் சாரங்கபாணி தெளிவாக இருந்தார். 1950களில் மலாயாவும் சிங்கப்பூரும் தன்னாட்சியை நோக்கி விரைந்துகொண்டிருந்தன. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா கூட்டரசு விடுதலை பெற்றது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கேயே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் விண்ணப்பம் செய்து குடியுரிமை பெற வாய்ப்புக் கிட்டியது.

ஆனால் பலர் தயங்கினர். சிலருக்கு விண்ணப்பத் தாளை நிரப்பத் தெரியவில்லை. சிலர் பிறப்புச் சான்றிதழோ வந்து சேர்ந்த நாளைக் காட்டும் சான்றோ இல்லாமல் தவித்தனர். இன்னும் சிலர் எப்படியும் ஒருநாள் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம் என எண்ணி வாளாவிருந்தனர். இந்த எண்ணமே மிகப் பெரிய தடை என்பதைச் சாரங்கபாணி கண்டார். உழைத்த மண்ணிலேயே வேரூன்ற வேண்டும் என்றும், அதற்குக் குடியுரிமையே முதற்படி என்றும் தமிழ் முரசில் தொடர்ந்து எழுதினார். மக்கள் விண்ணப்பம் செய்வதற்கு உதவும் முயற்சிகளையும் முன்னின்று நடத்தினார்.

அவருடைய எச்சரிக்கையின் மதிப்பைப் பின்னர் வந்த ஆண்டுகள் காட்டின. 1960களின் இறுதியில் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்னும் நிலை உருவானது. உரிய காலத்தில் பதிந்துகொள்ளாத தோட்டத் தொழிலாளர் பலர் வேலையை இழந்தனர். பல்லாண்டுகள் உழைத்த மண்ணை விட்டுக் குடும்பத்தோடு கப்பலேறியவர்களும் உண்டு. ஒரு தாளில் கையொப்பமிடுவதும் இடாமல் விடுவதும் ஒரு குடும்பத்தின் தலைமுறைகளையே மாற்றிவிட்டன. வேலி இல்லாத பயிர் நிலைக்காது. சாரங்கபாணி திருநாள் வழியாக மக்களைக் கூட்டியது மகிழ்வதற்கு மட்டுமன்று. இத்தகைய செய்திகள் கடைசி லயம் வரை சென்று சேர்வதற்கும் அந்த ஒற்றுமை தேவைப்பட்டது.

தமிழுக்கு ஓர் இருக்கை

சமுதாயம் நிலைபெற உரிமை மட்டும் போதாது, கல்வியும் வேண்டும். 1950களில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையைத் தொடங்கத் திட்டமிடப்பட்டது. அத்துறையில் எந்த மொழிக்கு முதன்மை அளிப்பது என்னும் கேள்வி எழுந்தது. சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரப்பட வேண்டும் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. இந்நாட்டில் வாழும் இந்தியர்களுள் பெரும்பாலோர் தமிழர் என்பதால் தமிழுக்கே அந்த இடம் உரியது என்று சாரங்கபாணி வாதாடினார்.

அவர் வாதாடியதோடு நிற்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ் நூல்கள் நிறைய இருக்க வேண்டும் என்பதற்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதித் திட்டத்தைத் தொடங்கினார். செல்வந்தர் சிலரிடம் பெருந்தொகை பெறுவது எளிதாக இருந்திருக்கும். ஆனால் எளிய மக்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்துப் பங்கு பெற வேண்டும் என்றே அவர் விரும்பினார். பல்கலைக்கழக வாயிலைக் கண்டிராத தொழிலாளரும் சிறு தொகை கொடுத்தனர். இந்தியவியல் துறை 1956இல் தொடங்கியது. பின்னர் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தமிழ் இன்றும் கற்பிக்கப்படுகிறது.

இளையோர்பாலும் அவர் கவனம் சென்றது. தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதியை ஏற்படுத்திப் பள்ளி மாணவர்களின் படைப்புகளை வெளியிட்டார். பிற்காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் விளங்கியோர் பலர் அங்கேதான் எழுதப் பழகினர். தம் பெயரை முதன்முதலாக அச்சில் கண்ட மாணவருக்கு அது தந்த ஊக்கம் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

சோதனைகளும் நிறைவும்

தமிழுக்காக வாழ்ந்த சாரங்கபாணி பிற இனத்தவரிடம் வேற்றுமை பாராட்டியவர் அல்லர். 1937இல் அவர் சீனப் பெரானாக்கான் குடும்பத்துப் பெண் ஒருவரை மணந்தார். தம் மரபைப் போற்றுவதற்குப் பிறர் மரபை இகழ வேண்டியதில்லை என்பதற்கு அவருடைய இல்லமே சான்றாக விளங்கியது.

அவருடைய பாதை எப்போதும் மலர்ப்பாதையாக இருந்ததில்லை. சீர்திருத்தக் கருத்துகளை எழுதியதால் பழமையில் ஊறியவர்களின் எதிர்ப்பைச் சந்தித்தார். பணநெருக்கடியும் அடிக்கடி வாட்டியது. 1963இல் தமிழ் முரசுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த இதழே தொழிலாளர் சிக்கலால் ஏறத்தாழ ஓராண்டு வெளிவராமல் நின்றது. அது அவர் வாழ்வின் கடினமான காலம். எனினும் 1964இல் இதழ் மீண்டும் வெளிவந்தது. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, கடற்பாலத்தின் இரு கரைகளிலும் இருந்த அவருடைய வாசகர்கள் இரு நாட்டின் குடிமக்கள் ஆயினர்.

1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், தமது எழுபதாம் வயதில் சாரங்கபாணி இயற்கை எய்தினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் இந்த மண்ணின் தமிழருக்காகப் பணியாற்றியிருந்தார். அவர் வளர்த்த தமிழ் முரசு சிங்கப்பூரில் இன்றும் வெளிவருகிறது.

மரபு தரும் வலிமை

மரபைக் கொண்டு சமுதாயத்தை வலுப்படுத்தும் முயற்சி தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவில் கென்யா நாடு 1963இல் விடுதலை பெற்றபோது அதன் தலைவர் ஜோமோ கென்யாட்டா 'ஹராம்பே' என்னும் சுவாகிலிச் சொல்லை நாட்டின் முழக்கமாக்கினார். அனைவரும் சேர்ந்து இழுப்போம் என்பது அதன் பொருள். கிராமத்தார் ஒருவருக்கொருவர் உழைப்பால் உதவும் பழைய வழக்கத்தை அடிப்படையாகக் கொண்டு அங்கே மக்களே பணமும் உழைப்பும் தந்து பல பள்ளிகளை எழுப்பினர். நம் நாட்டின் கிராமங்களில் வழங்கிவரும் கோத்தோங் ரோயோங் என்னும் பழக்கமும் இத்தகையதே. சபாவில் காமாத்தான், சரவாக்கில் காவாய் ஆகிய அறுவடைத் திருநாள்களும் மக்களை ஒன்றுகூட்டுகின்றன.

மரபு என்பதால் மட்டுமே ஒன்று நல்லதாகிவிடாது; பழையது என்பதால் மட்டுமே தீயதாகியும் விடாது. அது மனிதரைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்று பார்த்து ஏற்பதே அறிவுடைமை. சாரங்கபாணியின் வாழ்க்கை இந்த உண்மையை நமக்கு எடுத்துக்காட்டுகிறது.

இன்று சிகாமட் வட்டாரத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நகரங்களில் குடியேறிப் பல்வேறு துறைகளில் பணிபுரிகின்றனர். ஆண்டுதோறும் தை பிறக்கும்போது தமிழ்ப்பள்ளி வளாகங்களில் வரிசையாகப் பானைகள் ஏறுகின்றன. மலாய், சீன நண்பர்களும் வந்து பொங்கலைச் சுவைக்கின்றனர். பால் பொங்கி வழியும் அந்த நேரத்தில் எந்தப் பானை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. தமிழவேள் கோ. சாரங்கபாணி காண விரும்பிய காட்சி அதுவே.